ராத்திரி மிஞ்சிய சோறும் குழம்பும்: வீணாக்காமல் பயன்படுத்தும் முறை, படிப்படியாக

மிஞ்சிய சாப்பாட்டை என்ன செய்யலாம் என்று பெரும்பாலானவர்கள் மறுநாள் காலையில்தான் யோசிக்கிறார்கள். அதற்குள் பாதி வேலை கையை விட்டுப் போயிருக்கும். சாம்பார் புளித்திருக்கும், குக்கரிலேயே கிடந்த சோறு கட்டி தட்டி ஈரம் கோத்திருக்கும். அப்புறம் எத்தனை செய்முறை தெரிந்து என்ன பயன்?

புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களுக்கும், வெளியூரில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் சமையல் கை தடுமாறவில்லை. தடுமாறியதெல்லாம் வரிசையில்தான். சாப்பிட்டு முடித்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோமோ அதுதான் மிஞ்சியது மறுநாள் உணவா, குப்பையா என்பதைத் தீர்மானிக்கிறது. முதலில் பிரிப்பது, அப்புறம் ஆற்றுவது, அப்புறம் மூடி வைப்பது, கடைசியில்தான் சமைப்பது. இந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

அகலமான தாம்பாளம் ஒன்று. சோற்றைப் பரப்பி ஆற்ற இதுதான் வேண்டும். வாய் குறுகிய பாத்திரம் எதுவும் இதற்கு உதவாது.

மூடி இறுக்கமாகப் பொருந்தும் சின்ன டப்பாக்கள் நாலைந்து. பெரிய டப்பா ஒன்றை விடச் சின்னது இரண்டு மேல். சின்னதில் உள்ளது சீக்கிரம் குளிரும். ஒரு வேளைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தொடாமல் வைக்கலாம்.

ஒரு மண் சட்டி. பழைய சோற்றுக்கும் மீன் குழம்புக்கும் தனித்தனியாக இருந்தால் நல்லது. மண் சட்டியை சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், மண் சோப்பை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும், பிறகு வெயிலில் காய வைக்க வேண்டும். புளி சேர்ந்த எதையும் ஈயம் பூசாத பித்தளையிலோ அலுமினியத்திலோ ராத்திரி முழுக்க வைக்கக் கூடாது. புளிப்பு உலோகத்தை அரித்து உணவில் கலந்துவிடும்.

ஃபிரிட்ஜில் கண் மட்டத்தில் ஒரு தட்டை மிஞ்சியதற்கென்றே ஒதுக்குங்கள். பின்னால் தள்ளி வைத்த டப்பா மறந்துபோகும். வீட்டில் வீணாகிப் போவதில் பெரும்பங்கு இந்த மறதியால்தான். ஒட்டும் தாளும் பேனாவும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

2. சாப்பிட உட்காரும் முன்பே எடுத்து வைப்பது

சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சியதைச் சேகரிப்பதுதான் பலரின் வழக்கம். நான் அதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்கிறேன். வேண்டிய அளவை மட்டும் பரிமாறும் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அடுப்படியில் இருக்கும் மிச்சத்தின் பக்கம் சாப்பிடுகிறவர்கள் யாருடைய கையும், கரண்டியும் போக வேண்டாம்.

காரணம் இதுதான். சாப்பிட்ட கையால் தொட்ட கரண்டி குழம்புக்குள் ஒரு முறை போனாலே போதும், எச்சில் கலந்துவிடும். அந்தக் குழம்பு மறுநாள் வரை தாங்காது. எச்சில் பார்ப்பது நம் வீடுகளில் வெறும் ஆசாரம் இல்லை, உணவு கெடாமல் காக்கும் முறை. தட்டில் மிஞ்சியதை ஒருபோதும் சட்டியில் திருப்பிக் கொட்டாதீர்கள். குழந்தை தொடாமல் விட்ட இட்லி என்றாலும் சரி.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கரண்டி. பொரியல் கரண்டியைக் குழம்பில் போட்டால் தேங்காய்த் துருவல் குழம்புக்குப் போகும், அதோடு சீக்கிரம் கெடும் குணமும் போகும்.

3. ஆற்றுவது

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தாலே பாதி சாப்பாடு தப்பிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கிற சூட்டிலும் சாவதில்லை. பேசில்லஸ் சீரியஸ் என்று அதற்குப் பெயர். சோறு வெதுவெதுப்பாகவே மணிக்கணக்கில் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 'நல்லா கொதிக்க வெச்சுட்டேன், ஒண்ணும் ஆகாது' என்ற நம்பிக்கை தவறாகிப் போவது இங்கேதான். பொதுவாக 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வளரத் தோதான சூடு. உணவு அந்த இடைவெளியில் இருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் ஆற்றுவதன் நோக்கம்.

குக்கரிலேயே மூடிக் கிடக்கும் சோற்றின் நடுப்பகுதி மூன்று நான்கு மணி நேரமானாலும் சூடாகத்தான் இருக்கும். கரண்டியை நடுவில் குத்திப் பாருங்கள், ஆவி வரும். ஆகவே மிஞ்சிய சோற்றைத் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். கட்டிகளை உதிர்த்து விடுங்கள். அரை மணி நேரத்துக்குள் ஆறிவிடும். ஈ மொய்க்கும் இடமென்றால் வலைமூடி போடுங்கள், தட்டு போட்டு மூட வேண்டாம்.

குழம்பு, சாம்பார், கூட்டுக்கு வேறு முறை. அன்னக்கூடையிலோ அகலமான பேசினிலோ குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, குழம்புப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி வையுங்கள். சுத்தமான கரண்டியால் அவ்வப்போது கிளறிவிடுங்கள். பேசின் தண்ணீர் சூடேறியதும் ஒரு முறை மாற்றுங்கள். பாத்திரத்தின் அடியைப் புறங்கையால் தொட்டால் சூடு தெரியக் கூடாது, அதுதான் அளவு.

மூடி போட்டு ஆற்றுவது எல்லோரும் செய்யும் தவறு. சூடான சாம்பாரைத் தூக்குச் சட்டியில் ஊற்றி மூடிவிட்டு, கால் மணி நேரம் கழித்து மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்பக்கம் முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். அந்தத் துளிகள் திரும்பச் சாம்பாரின் மேலேயே சொட்டும். மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், கெடுதல் அங்கேதான் தொடங்கும். ஆறட்டும், அப்புறம் மூடலாம்.

ஆறும் வரை காத்திருக்கிறேன் என்று மேடையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிப் போவது இன்னொரு தவறு. சமைத்து இறக்கியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். சோற்றுக்கு ஒரு மணி நேரம்தான் கணக்கு. சித்திரை வெயிலில் இதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

4. தரம் பிரித்து வைப்பது

ஆறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே எது எத்தனை நாள் தாங்கும் என்று முடிவு செய்துவிடுங்கள். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் இந்த யோசனை ஓடாது.

தேங்காய் அரைத்து விட்டது, தேங்காய்ப்பால் சேர்த்தது, தேங்காய்ச் சட்னி, துருவல் போட்ட பொரியல் இவையெல்லாம் முதலில் கெடுபவை. மறுநாள் மதியத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சோறும் அப்படியே, ஃபிரிட்ஜில் இருந்தாலும் ஒரு நாள்தான். பருப்பு சேர்ந்த சாம்பாரும் கூட்டும் இரண்டு நாள். புளிக்குழம்பு, வத்தக்குழம்பு மூன்று நான்கு நாள் தாங்கும், புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து காக்கும். கறிக்குழம்பும் மீன் குழம்பும் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீரையை மிச்சம் வைக்காதீர்கள் என்பேன். மறுநாள் நிறம் செத்து, ருசியும் போய்விடும். கீரைக் கடைசல் ஒரு கரண்டி மிஞ்சினால் ராத்திரியே சப்பாத்தி மாவில் பிசைந்து வைத்துவிடுங்கள்.

டப்பாவில் தேதியை எழுதுங்கள். 'திங்கள் ராத்திரி சாம்பார்' என்று மூன்று வார்த்தை போதும். வீட்டில் வேறு யார் திறந்தாலும் சந்தேகம் வராது. சந்தேகம் வந்தால்தான் கொட்டத் தோன்றும்.

இட்லி, சப்பாத்தி, தேங்காய் போடாத கொண்டைக்கடலைச் சுண்டல் ஆகியவற்றை ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் கூட நன்றாக இருக்கும். மின்சாரம் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள். கதவு மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் தங்கும். அதற்கு மேல் போனால் சோறு, தேங்காய், கறி வகைகளை நம்ப வேண்டாம்.

5. பழைய சோறு

வெறுமனே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பதுதான் பழைய சோறு என்று நினைத்து ஏமாந்தவர்கள் நிறைய. தண்ணீர் ஊற்றியது புளிக்கவும் செய்யலாம், ஊசியும் போகலாம். இரண்டும் வேறு வேறு. மோரைப் புளிக்க வைக்கும் வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் முதலில் பெருகினால் சோறு இதமாகப் புளிக்கும், அந்தப் புளிப்பே மற்ற கிருமிகளைத் தடுத்துவிடும். கிருமிகள் முந்திக்கொண்டால் கெட்டுப்போகும். நல்லதை முந்த வைப்பதற்குத்தான் கீழே சொல்லும் கவனமெல்லாம்.

சோறு ராத்திரி வடித்ததாக இருக்க வேண்டும். காலையில் வடித்து மதியம் முழுக்க மேடையில் கிடந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றுவது கூடாது. நஞ்சு ஏற்கெனவே சேர்ந்திருந்தால் புளிப்பு அதை எடுக்காது.

புழுங்கல் அரிசியை வடித்த சோறுதான் இதற்கு ஏற்றது. பருக்கை உடையாமல் நிற்கும். குக்கரில் குழைய வைத்த பச்சரிசிச் சோறு காலையில் கூழாகிவிடும். குக்கர் சோறுதான் இருக்கிறது என்றால் அதை ஆறாவது படிக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆறிய சோற்றை மண் சட்டியில் போட்டு, கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரை சோற்றுக்கு மேல் நான்கு விரற்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். சோறு தண்ணீருக்கு மேல் தலைநீட்டினால் அந்த மேற்பருக்கைகள் காய்ந்து முதலில் கெடும். கட்டியைக் கையால் உடைக்காமல் கரண்டியால் உடையுங்கள். இரண்டு சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போடுவது உண்டு, அது வாசனைக்காக. உப்பு மட்டும் ராத்திரி வேண்டாம், புளிப்பு ஏறுவதைத் தாமதப்படுத்தும். காலையில் போட்டுக்கொள்ளலாம்.

மெல்லிய துணியால் வேடு கட்டி, அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். எட்டிலிருந்து பத்து மணி நேரம் போதும். கோடையில் எட்டு மணி நேரத்திலேயே ஆகிவிடும், மார்கழியில் பன்னிரண்டு கூட ஆகும்.

காலையில் முதலில் மோந்து பாருங்கள். மோரும் வடித்த கஞ்சியும் கலந்த மாதிரி இதமான புளிப்பு வாடை வர வேண்டும். ஒரு பருக்கையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கி, விரல்களை மெல்லப் பிரியுங்கள். சுத்தமாக நசுங்கினால் சரி. விரல்களுக்கு நடுவே நூல் இழுத்தால் ஊசிவிட்டது, யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தண்ணீரின் மேல் வழவழப்பான ஏடு படிந்திருந்தாலும் அதே முடிவுதான்.

நல்லதென்றால் நீராகாரத்தைத் தனியாக வடித்து உப்பும் கொஞ்சம் மோரும் சேர்த்துக் குடிக்கலாம். சோற்றைப் பிழிந்து தயிர் விட்டுப் பிசையலாம். காலையிலேயே தீர்த்துவிட வேண்டும், மதியம் வரை வெளியில் வைத்தால் புளிப்பு கடுத்துவிடும். கைக்குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் வெளியில் புளித்த சோறு கொடுக்காமல் இருப்பதே நல்லது.

6. ஃபிரிட்ஜில் வைத்த சோறு

குளிர்ந்த சோறு விறைத்துப் போனதைப் பார்த்துக் கெட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். மாவுச்சத்து குளிரில் இறுகுவதால் அப்படி ஆகிறது. எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், முட்டைச் சாதம் போன்றவற்றுக்கு இந்த விறைப்புதான் தேவை. சூடான புதுச் சோற்றில் கிளறினால் குழையும், குளிர்ந்த சோறு பொலபொலவென்று நிற்கும்.

டப்பாவிலிருந்து எடுத்ததும் கையை நனைத்துக்கொண்டு கட்டிகளை மெல்ல உதிருங்கள். கரண்டியால் குத்தினால் பருக்கை உடையும். தாளிப்பு தயாரான பிறகு சோற்றைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி போட்டு இரண்டு நிமிடம் சிறு தீயில் விடுங்கள். இறுகிய சோறு அந்த ஆவியில் மறுபடி மெத்தென்று ஆகும். அப்புறம் நடுவில் கரண்டியை விட்டுப் பாருங்கள், ஆவி பறக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு எல்லாம் முடிந்து அடுப்பை அணைத்த பிறகுதான். சூட்டில் விட்டால் கசக்கும்.

கால் கிண்ணம், அரைக் கிண்ணம் மிஞ்சினால் அதற்காகத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். மறுநாள் தோசைக்கு அரைக்கும்போது உளுந்தோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் சோறு வரை சேர்க்கலாம். தோசை மென்மையாக வரும்.

7. சுண்டக்கறி

திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்கு மறுநாள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இது இருக்கும். குமரி மாவட்டத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் வைப்பதைப் பழங்கறி என்பார்கள். முந்திய நாள் சாம்பார், புளிக்குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் சேர்த்துச் சுண்ட வைப்பது. வாரத்தில் ஒரு நாள் எந்த வீட்டிலும் செய்யலாம், அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாக மிஞ்சியதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மோந்து, துளி ருசி பாருங்கள். நாலில் ஒன்று கெட்டிருந்தாலும் மொத்தச் சட்டியும் கெட்டுவிடும். சேர்த்த பிறகு எது கெட்டது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

மோர்க்குழம்பு, பச்சடி மாதிரி தயிர் சேர்ந்தவற்றைச் சேர்க்காதீர்கள், திரிந்துவிடும். ரசத்தையும் விட்டுவிடுங்கள், தண்ணீர் வற்ற வெகுநேரம் ஆகும், அதற்குள் காய் கரைந்துவிடும். பாகற்காய் இருந்தால் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

அடி கனமான சட்டியில் முதலில் புளிக்குழம்பை ஊற்றிக் கொதி வரவிடுங்கள். அப்புறம் சாம்பார். இரண்டும் சேர்ந்து கொதித்து நீர் வற்றத் தொடங்கியதும் கூட்டு, கடைசியாகப் பொரியல். பருப்பும் தேங்காயும் அடியில் பிடிக்கும் பொருள்கள், அவை எவ்வளவு தாமதமாகப் போகின்றனவோ அவ்வளவு நல்லது.

தீயைக் குறைத்துவிட்டுக் காத்திருங்கள். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அடியைச் சுரண்டிக் கிளற வேண்டும். முதலில் சத்தம் தளதளவென்று இருக்கும். நீர் வற்ற வற்ற அது 'பொத், பொத்' என்று கனமாகும், குமிழி ஒவ்வொன்றாக வெடிக்கும். ஓரங்களில் எண்ணெய் பிரிந்து மின்னும். கரண்டியை இழுத்தால் பின்னால் ஒரு தடம் விழுந்து, மெல்ல மூடிக்கொள்ளும். அதுதான் பதம். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு இறக்குங்கள்.

உப்பில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். தொடக்கத்தில் ருசி பார்த்து, கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று உப்புப் போடுவார்கள். மூன்று கிண்ணம் குழம்பு ஒன்றரைக் கிண்ணமாகச் சுண்டும்போது நீர் மட்டும்தான் போகும், உப்பு அத்தனையும் உள்ளேயே நிற்கும். ஆகவே கடைசி வரை உப்பைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே கரித்தால், உப்பில்லாமல் வேக வைத்த உருளைக்கிழங்கையோ பருப்பையோ மசித்துச் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள்.

செய்தால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு முறை மிஞ்சியதை மறுபடி மிச்சம் வைக்க வேண்டாம்.

8. மற்றவை, சுருக்கமாக

இட்லி: உப்புமாவுக்கு உதிர்ப்பதானால் ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த பிறகு உதிருங்கள். சூடாக இருக்கும்போது உதிர்த்தால் பிசுபிசுத்து உருண்டைகளாகும்.

தோசையை மிச்சம் வைத்து ஒன்றும் ஆகாது, மாவை மிச்சம் வையுங்கள். புளித்த மாவில் கொஞ்சம் ரவையும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் சேர்த்துப் பணியாரம் ஊற்றினால் புளிப்பு தெரியாது.

சப்பாத்தி விறைத்துப் போனால் கத்தரியால் நறுக்கி, வெங்காயம் தக்காளி வதக்கலில் போட்டுக் கொத்திவிடுங்கள். தண்ணீர் தெளிக்காவிட்டால் தோலாக இழுக்கும்.

தேங்காய்ச் சட்னி ஃபிரிட்ஜில் இருந்தது என்றால் புளித்த மோரில் கரைத்து, மஞ்சள் தூள் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கித் தாளித்தால் அவசர மோர்க்குழம்பு. கொதிக்க விட்டால் திரியும். வெளியில் இருந்த சட்னி என்றால் கொட்டத்தான் வேண்டும்.

பொரியலை அடை மாவில் கலக்கலாம். கெட்டியான பருப்பைச் சப்பாத்தி மாவில் தண்ணீருக்குப் பதிலாக விட்டுப் பிசையலாம்.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது உண்மை, புளியும் காரமும் மீனுக்குள் இறங்க நேரம் வேண்டும். ஆனால் அந்த நேரத்தை ஃபிரிட்ஜில் கழிக்கட்டும். சூடாக்கும்போது கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றிவிடுங்கள், துண்டு உடையாது.

9. சோற்று வடகம்

விசேஷம் முடிந்து சோறு நிறைய மிஞ்சினால், வெயில் இருந்தால், இது ஒன்றுதான் மாதக்கணக்கில் காக்கும் வழி. பங்குனி, சித்திரை, வைகாசி உகந்தவை. வானம் மூட்டமாக இருக்கும் நாளில் தொடங்காதீர்கள். முதல் நாள் நன்றாகக் காயாவிட்டால் பூசணம் பிடித்துவிடும்.

இரண்டு கிண்ணம் சோற்றுக்கு மூன்று பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு சிட்டிகை பெருங்காயம், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. மிளகாயையும் சீரகத்தையும் முதலில் அரைத்துவிட்டு, சோற்றைப் போட்டுத் தண்ணீர் விடாமல் அரையுங்கள். ஓடவில்லை என்றால் ஒரு கரண்டி மட்டும் தெளிக்கலாம். மாவு இளகினால் காய இன்னும் ஒரு நாள் கூடும். உப்பைச் சுவைத்துப் பார்க்கும்போது குறைவாகத் தோன்றுகிற அளவே சரி, காய்ந்து சுருங்கும்போது உறைக்கும்.

காலை எட்டு மணிக்குள் மாடிக்குப் போய்விடுங்கள். ஈரத்துணியை விரித்து, முறுக்கு அச்சில் பிழியலாம், அல்லது விரலால் கிள்ளி வைக்கலாம். சாயங்காலம் துணியோடு உள்ளே எடுத்து வந்துவிடுங்கள், ராத்திரிப் பனி படக் கூடாது. மறுநாள் துணியின் பின்புறத்தில் தண்ணீர் தெளித்தால் வடகம் கழன்று வரும். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நாள் காய வையுங்கள். ஒன்றை ஒடித்துப் பாருங்கள், டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

10. சூடாக்குவதும் கொட்டுவதும்

தேவையான அளவை மட்டும் வேறு பாத்திரத்தில் எடுத்துச் சூடாக்குங்கள். மொத்தத்தையும் காலையும் மாலையும் சூடாக்கி ஆற்றி வைத்தால் ஒவ்வொரு முறையும் அது வெதுவெதுப்பான நிலையைக் கடந்தாக வேண்டும். ஒரு முறை சூடாக்கியது அன்றோடு தீர வேண்டும்.

சூடென்றால் தளதளவென்று கொதிப்பது. கைபொறுக்கும் சூடு போதாது. மைக்ரோவேவில் ஓரம் கொதித்தாலும் நடு ஜில்லென்று இருக்கும், பாதியில் எடுத்துக் கிளறி மறுபடி வையுங்கள்.

சாம்பாரில் அடுப்பில் வைக்காமலே நுரை கட்டியிருந்தால், டப்பா மூடி உப்பியிருந்தால், கூட்டு வழவழத்தால் கொட்டிவிடுங்கள். வாடை வரவில்லை என்பதால் மட்டும் நல்லதென்று ஆகாது, சோற்று நஞ்சுக்கு வாடையே கிடையாது. எத்தனை மணி நேரம் வெளியில் கிடந்தது என்பதைத்தான் நம்ப வேண்டும். பூசணம் ஒரு மூலையில் தெரிந்தாலும் அந்தப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு மற்றதைச் சாப்பிடக் கூடாது.

11. கொட்ட வேண்டியதை எங்கே கொட்டுவது

மாட்டுக்குத்தானே, வீணாகவில்லை என்று அண்டா நிறையச் சோற்றைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வெந்த அரிசி அளவுக்கு மேல் போனால் மாட்டின் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலம் பெருகும். வயிறு உப்பி, இரை நிற்கும், உயிரே போகலாம். ஒரு கைப்பிடி, அதுவும் வழக்கமான தீவனத்தோடு, அதற்கு மேல் வேண்டாம். கெட்டுப்போன சோறு அந்த ஒரு கைப்பிடி கூட வேண்டாம்.

தெரு நாய்க்கு வைப்பதானால் வெங்காயம், பூண்டு சேர்ந்ததைத் தவிருங்கள், இரண்டுமே நாய்க்கு ஆகாது. வெந்த கோழி எலும்பு கூர்மையாகச் சிம்பு விட்டு உடையும், குடலைக் கிழிக்கும்.

மிச்சமெல்லாம் மண்ணுக்கு. ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் வாளியில் அடியில் காய்ந்த சருகு அல்லது தென்னை நார்க் கழிவு, அதன் மேல் சோறு காய்கறி, அதன் மேல் மறுபடி சருகு. சமைத்த உணவு ஈரம் அதிகம், ஆகவே சருகு ஒரு பங்குக்கு இரண்டு பங்காக இருக்கட்டும். ஈரம் கூடினால்தான் புழுவும் நாற்றமும் வரும். கறி, மீன், எண்ணெய் மிதக்கும் குழம்பு வாளிக்குள் போக வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறை குச்சியால் கிளறிக் காற்றுப் பட விடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து உதிரியாகி, மழை பெய்த மண் வாசனை வரும், அப்போது கறிவேப்பிலைச் செடியின் தூரில் போடலாம்.